தேதி தவறாத மாதங்கள்

கல்லூரியில் முதலாம் ஆண்டின் கடைசியிலிருந்து இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதி வரை, எட்டு மாதம் தொடர்ந்து என் அம்மாவிடம் மாதவிலக்கு வந்துவிட்டதாகப் பொய் சொன்னேன். வந்ததை மறைக்கிற பெண்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். கோயில் பொங்கல் சமயத்தில், கல்யாண வீட்டில் அதெல்லாம் சகஜம். வராததை வந்ததாக நடித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கு வேன் வந்து ஊர் முகப்பில் நின்று ஹாரன் அடிக்கும். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த பெண்களில் பாதிப் பேர் பன்னிரண்டாவது முடித்த கையோடு அந்த வேனில் ஏறிவிட்டார்கள். நான் ஏறாததற்கு ஒரே காரணம், நான் ஓடுவேன். ஐயாயிரம் மீட்டர். அதற்காகத்தான் விருதுநகரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கொடுத்தார்கள். பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து வெளிமாநிலப் போட்டிக்கு ஒரு தடவை போய் வந்துவிட்டால் போதும், அந்தச் சான்றிதழை வைத்துப் போலீஸ் வேலைக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு. அணிக்குத் தேர்வாகவில்லை என்றால் வேன்தான்.

அப்பாவுக்கு நான் ஓடுவது துளியும் பிடிக்கவில்லை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு விடிகாலையில் ரோட்டில் ஓடுகிற பெண்ணைப் பற்றி டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அம்மாதான் எனக்காகப் பேசினாள்.

"எம் மவளுக்கு நான் பொறுப்பு. அவ மேல ஒரு சொல்லு வந்துச்சுன்னா, நானே அவளை வேன்ல ஏத்தி விடுறேன். அதுவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். எப்படி என்றால், காலண்டரில். காலண்டர் அச்சாகிற சிவகாசிப் பக்கம் எங்களுடையது, சோற்றுக்குப் பஞ்சம் வந்தாலும் காலண்டருக்குப் பஞ்சம் வராது. எங்கள் வீட்டில் நாலு தொங்கியது. அடுப்படிச் சுவரில் இருந்தது அம்மாவுடையது. மாதா மாதம் எனக்குத் தூரம் வந்த அன்று அதில் கண்மையால் ஒரு பொட்டு வைப்பாள். நான் பாயும் தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு பின்பக்கத் தாழ்வாரத்துக்குப் போய்விட வேண்டும். மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை. கல்லூரிக்குப் போய் வரலாம், அடுப்படிக்குள் மட்டும் நுழையக் கூடாது. பின்பக்கம் நான் தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் தெரியும். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என் ஒழுக்கத்துக்கு என் கர்ப்பப்பை மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வேண்டும் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வரும்.

எங்கள் விளையாட்டு ஆசிரியர் பயிற்சியை மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தார். போட்டி எப்போதும் வெயிலில்தான் நடக்கிறது, அதனால் வெயிலிலேயே பழக வேண்டும் என்பது அவர் கட்சி. விருதுநகர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் மிகையாகத் தெரியும். மைதானத்தில் ஷூவின் அடிப்பாகம் இளகும். கருப்புப் பனியனில் உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். காலையில் ஊர் ரோட்டில் பத்து கிலோமீட்டர், மத்தியானம் மைதானத்தில் சுற்றுகள். இரண்டு கிலோ குறைத்தால் நேரம் தானாகக் குறையும் என்றார் சார். நான் எதையும் அரைகுறையாகச் செய்யும் ஆள் இல்லை, நாலரை கிலோ குறைத்தேன். மத்தியானச் சோற்று டப்பாவை வகுப்பில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். அந்த வெயிலில் பசியும் எடுக்காது, தண்ணீர் மட்டும்தான் இறங்கும்.

நேரம் குறைந்தது. கூடவே இன்னொன்றும் குறைந்தது. முதலில் பத்து நாள் தள்ளி வந்தது. அப்புறம் பேருக்கு ஒரு நாள். பிப்ரவரிக்குப் பிறகு வரவே இல்லை.

எங்கள் அணியில் ஒரு அக்கா இருந்தாள், மூன்றாம் ஆண்டு. அவளிடம் மெதுவாகச் சொன்னேன். சிரித்தாள்.

"எனக்குப் போன வருசமே நின்னுருச்சு புள்ள. நல்லா ட்ரெயினிங் பண்றவளுக்கு நிக்கத்தான் செய்யும். நிக்கலேன்னாதான் நீ ஏமாத்துறேன்னு அர்த்தம்."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! போட்டியன்று வந்துவிடுமோ என்ற பயம் இல்லை, வயிற்றுவலி இல்லை, கறை இல்லை. பதக்கம் வாங்கியதைப் போல அன்று வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அம்மா காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, திரும்பாமலே, "தேதி தாண்டி ஆறு நாளாச்சே தாயி" என்றாள்.

அதற்கு முந்தின வாரம்தான் அடுத்த தெருப் பெண் ஒருத்திக்கு அவசர அவசரமாகக் கல்யாணம் நடந்திருந்தது. ஏன் அவசரம் என்று ஊருக்கே தெரியும். அம்மா திரும்பினாள். அவள் பார்வை என் முகத்துக்கு வரவில்லை, வயிற்றில் நின்றது. ஒரு நொடிதான். என் அம்மா என்னைச் சந்தேகப்பட்ட அந்த ஒரு நொடியை என்னால் தாங்க முடியவில்லை. ஓடி ஓடி நின்றுவிட்டது என்று சொன்னால் நம்புவாளா? எங்கள் தெருவில் யார் நம்புவார்கள்? ஓட்டத்தால் பெண்ணுக்குத் தூரம் நிற்கும் என்று யாரும் கேள்விப்பட்டதே கிடையாது. நின்றால் அதற்கு அவர்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"இன்னைக்குக் காலையிலதாம்மா வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அவள் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. பிறகு கண்மை டப்பியைத் திறக்கிற சத்தம்.

அதற்குப் பிறகு இது ஒரு வேலையாகிவிட்டது. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை, நிஜத்தில்கூட எனக்கு அப்படித் துல்லியமாக வந்தது கிடையாது. அம்மா வாங்கி வைத்த நாப்கின்களைப் பையில் வைத்து எடுத்துப்போய் வகுப்பில் விநியோகம் செய்தேன், அந்த வகையில் எனக்குத் திடீரென்று தோழிகள் பெருகினார்கள். அந்த மூன்று நாளும் அம்மா வேன் வருவதற்குள் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, தட்டைத் தாழ்வாரத்தில் தள்ளி வைத்துவிட்டுப் போவாள். பெண் பிள்ளைக்கு இடுப்புக்கும் எலும்புக்கும் பலம். அதில் எவ்வளவு எடை ஏறும் என்று நான் கணக்குப் போடுவேன். பின்பக்கம் கட்டியிருந்த பக்கத்து வீட்டு ஆடு அந்த எட்டு மாதத்தில் நன்றாகக் கொழுத்தது.

செப்டம்பரில் வலது கால் முன்னெலும்பில் வலி தொடங்கியது. கட்டைவிரல் அளவு இடம், அதைத் தொட்டால் உயிர் போகும். ஓடத் தொடங்கும்போது வலிக்கும், நடுவில் மரத்துப்போகும், முடிந்ததும் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். தூக்கமும் கெட்டது. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். பல்கலைக்கழகத் தேர்வு ஓட்டத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. குழாயடியில் நான் நொண்டுவதை அம்மா பார்த்துவிட்டாள்.

தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். சீசனில் லீவு போட்டால் கம்பெனியில் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். அம்மா லீவு போட்டு என்னை விருதுநகருக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு பெண் டாக்டர். நாற்பது வயதிருக்கும். காலை அமுக்கிப் பார்த்தார். எவ்வளவு தூரம் ஓடுகிறாய், எந்த நேரத்தில், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அரைகுறையாகப் பதில் சொன்னேன். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மாசா மாசம் ஒழுங்கா வருதா?"

காலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அதைக் கேட்ட விதத்தில், ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"எம் மவளுக்கு ஒரு நாள் தவறாது டாக்டரம்மா. நானே காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன். வேணும்னா கொண்டாந்து காட்டட்டுமா?"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை எப்படி எழுதுவது? பட்டாசு மருந்துப் பொடி ஏறிச் சாம்பல் பூத்த கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்க்கவில்லை.

"நீ சொல்லும்மா" என்றார் என்னிடம்.

மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை என்னால் வரிசையாகப் பார்க்க முடிந்தது. அம்மா திரும்பி என் வயிற்றைப் பார்ப்பாள். "யாரு?" என்று கேட்பாள். பஸ்ஸில் பேச மாட்டாள். ராத்திரிக்குள் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் வேனில் இருப்பேன். பொய் சொன்னால் மிஞ்சுவது வெறும் கால்வலி.

"சரியா வருது டாக்டர்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு எக்ஸ்ரேக்கு எழுதினார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய விரிசல் ஆரம்பத்தில் படத்தில் விழாது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாத்திரை கொடுத்து, இரண்டு வாரம் ஓடவே கூடாது என்றார். நான்கு நாள் ஓடாமல் இருந்தேன். ஐந்தாம் நாள் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

தேர்வு ஓட்டம் வெளியூரில், பல்கலைக்கழக மைதானத்தில், மத்தியானம் இரண்டரை மணிக்கு. பன்னிரண்டரைச் சுற்று, முதல் இரண்டு பேருக்கு அணியில் இடம். முதல் மூன்று சுற்று காலை ஊன்றும்போதெல்லாம் பல்லைக் கடித்தேன். அப்புறம் மரத்துப்போனது. ஏழாவது சுற்றில் மூன்றாவதாக இருந்தேன், ஒன்பதாவதில் இரண்டாவது. எனக்குப் பின்னால் வந்தவளின் மூச்சு கேட்கவே இல்லை, அவ்வளவு தள்ளி இருந்தாள். சார் ஓரமாக நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இதுதான், கிடைத்துவிட்டது, இனிமேல் யாரும் என்னைப் பிடிக்க முடியாது என்று நினைத்தேன். பத்தாவது சுற்றின் வளைவில் முறுக்கை ஒடிப்பது போல ஒரு சத்தம். அது என் காலில்தான் என்று புரிவதற்கு முன்பே முகம் மண்ணில் இருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்தது என் பேச்சைக் கேட்கவில்லை.

மாவுக்கட்டுப் போட்டு விருதுநகருக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா கம்பெனிச் சேலையோடு வந்து சேர்ந்தாள். மறுநாள் அந்தப் பெண் டாக்டர் என்னைப் பார்க்க வந்தார். மருந்து வாங்கிவரச் சொல்லி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லு."

"பிப்ரவரியிலருந்து வரல டாக்டர்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலச் சொன்னார். நான் ஓடுகிற ஓட்டத்துக்கு நான் சாப்பிட்டது பத்தவில்லை. வெயிலில் உடம்பைக் குளிர வைப்பதற்கே பாதிச் சக்தி போய்விடுகிறது. ஓட்டமும் சூடும் பட்டினியும் சேரும்போது, உடம்பு ஆபத்தில் இருப்பதாக மூளை முடிவு செய்கிறது. பதற்றத்துக்கு உரிய ஹார்மோன் ஏறுகிறது. சினைப்பையை வேலை செய்யச் சொல்கிற ஹார்மோன் இறங்குகிறது. பிள்ளை பெறுகிற வேலையைத்தான் உடம்பு முதலில் நிறுத்தும், ஏனென்றால் அது இல்லாமலும் உயிரோடு இருக்கலாம். அந்த ஹார்மோன்தான் எலும்புக்கும் காவல். காவல் போன எலும்பை நான் எட்டு மாதம் தினமும் தரையில் அடித்திருக்கிறேன்.

"அன்னைக்கே தெரிஞ்சிருந்தா ஒன்னை ஓட விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "முதல்ல நான் புள்ளத்தாச்சி இல்லன்னு டெஸ்ட் எடுத்து அம்மாகிட்டச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் சொல்லுங்க" என்றேன். அவர் அப்படியே செய்தார்.

அம்மா எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். "வேற ஒண்ணும் இல்லையே டாக்டரம்மா?" என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எட்டு மாசமா?"

நான் தலையசைத்தேன். அவ்வளவுதான் பேச்சு. அப்பாவிடம், கால் தடுக்கி விழுந்து ஒடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள். என்னை அடிப்பாள் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். அடிக்கவில்லை. மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து, தட்டு காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள். என் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, இனி அவள் என்னை மன்னிக்கவே மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரின் நிபந்தனை ஒன்றுதான். மாத்திரை இல்லாமல், தானாக, மூன்று மாதம் தொடர்ந்து வர வேண்டும். அதற்குப் பிறகு ஓடலாம், அவரே கடிதம் தருவார். அந்தக் கடிதம் இல்லாமல் மைதானத்தில் கால் வைக்க விடமாட்டேன் என்று சாரும் சொல்லிவிட்டார், அவரும் பயந்துபோயிருந்தார். எனக்கு மிச்சம் இருந்தது மூன்றாம் ஆண்டு மட்டும். ஜூனில் பயிற்சி தொடங்கினால்தான் அடுத்த தேர்வைத் தொட முடியும். ஜனவரி போனது. பிப்ரவரி போனது. சோறு தின்றேன், களி தின்றேன், முகத்தில் சதை வைத்தது, அது மட்டும் வரவில்லை. மார்ச் இறுதியில் கணக்குப் போட்டேன். ஏப்ரலில் வந்தால்தான் ஜூனில் மூன்று முடியும்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் வேனிலிருந்து இறங்கி வந்த அம்மாவிடம், வாசலிலேயே, "வந்துருச்சும்மா" என்றேன்.

எனக்கே வெட்கமாக இருக்கிறது இதை எழுத. கால் ஒடிந்தும் புத்தி வரவில்லை. பொய் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது, பழகிய வழியல்லவா.

அம்மா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

"காட்டு."

காட்டுவதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? அவள் நீட்டிய கையை மடக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "வந்து சாப்பிடு" என்ற குரல் மட்டும் வந்தது.

அந்த வருஷத் தேர்வு நான் இல்லாமலே நடந்தது. பல்கலைக்கழக அணியில் நான் ஒருநாளும் இடம் பிடிக்கவில்லை, போலீஸும் ஆகவில்லை. மேலே படித்து விளையாட்டு ஆசிரியை ஆனேன். என்னிடம் ஓட வருகிற பெண்களிடம் நான் அந்த டாக்டரின் கேள்வியைக் கேட்பேன். கூட வந்த அம்மாவை வெளியே நிற்க வைத்துவிட்டுத்தான் கேட்பேன்.

நிஜமாக வந்தது அதே வருஷம் ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுளீரென்று அடிவயிறு இழுத்தது. பதினெட்டு மாதத்துக்குப் பிறகு. முதலில் நானே நம்பவில்லை. அம்மா பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சொன்னால் நம்ப மாட்டாள் என்று தெரியும். கறைபட்ட துணியை அப்படியே எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் விரித்தேன். இருபது வயதில், அம்மாவுக்கு முன்னால் சாட்சியைப் போல அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம்தான் இருந்தது எனக்கு, பார்த்துக்கொள், இப்போதாவது நம்பு என்ற கோபம்.

அம்மா பார்த்தாள். ஈரக் கையோடு அதை வாங்கினாள். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழ ஆரம்பித்தாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"நான்தானே சொன்னேன்" என்றாள். "டாக்டரம்மா ஒன்னையத்தான் கேட்டாக. நான்தான் முந்திக்கிட்டு, ஒரு நாள் தவறாதுன்னு சொன்னேன். நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா ஒன் காலு ஒடிஞ்சிருக்காதே தாயி."

பத்து மாதமாக அவள் என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து எதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொய் சொன்னது நான்தான் என்றேன். அவள் கேட்கவில்லை. என் துணியைக் கல்லில் வைத்துச் சோப்புப் போடத் தொடங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, குடத்திலிருந்து தண்ணீர் மோந்து ஊற்றினேன்.